பெயர் வைத்தவர்கள்

எங்கள் ஊரில் கல் கிடையாது. வலங்கைமானில் குடமுருட்டிக் கரையில் எங்கே தோண்டினாலும் மணல், களி, வண்டல்தான். அம்மியும் ஆட்டுக்கல்லும் கோயில் தூணும் வேறு ஊர்களிலிருந்து வண்டியில் வந்தவை. மண்ணுக்கு ஒரு பழங்காலம் உண்டு என்ற நினைப்பே இல்லாமல் வளர்ந்தவன் நான். எங்களுக்குப் பழமை என்றால் சோழர் காலம், அவ்வளவுதான்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக வாட்ஸப்பில் படங்கள் சுற்றின. நானும் நம்பி, குடும்பக் குழுவில் நாலு வரி பெருமையோடு அனுப்பினேன். அரியலூர் சிமென்ட் மூட்டைகளை முப்பது வருஷம் விற்ற அப்பாவிடமிருந்து பதில் வந்தது: "முட்டையெல்லாம் இல்லடா. அந்தப் பக்கம் பூரா கடல் சாமான். நம்ம வீடே அந்தக் கிளிஞ்சல்லதான் நிக்குது." ஓரிரு நாளில் நிலவியலாளர்களும் அதையே சொன்னார்கள். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிவு இறுகி உருண்டையான கற்கள்.

அந்த வெட்கத்தில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதைபடிவ நூல்களைப் படிக்க ஆரம்பித்தேன். அவற்றை அறிவியலாக மட்டுமல்லாமல் எழுத்தாகவும் படித்துப் பார்க்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தமிழ் நிலத்தின் ஒரு துண்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட உரைநடை அந்த நூற்றாண்டில் அதிகம் இருந்திருக்காது. நம் இலக்கியப் பேச்சில் அதற்கு இடமே இல்லை.

முதல் நூல் எட்வர்ட் ஃபோர்ப்ஸுடையது. சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேர்த்த புதைபடிவங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பார்த்து ஃபோர்ப்ஸ் 1846இல் தன் அறிக்கையை வெளியிட்டார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. புதிய அம்மோனைட்டுகளுக்கு அவர் இட்ட பெயர்களில் பிரம்மா, விஷ்ணு, இந்திரா எல்லாம் உண்டு.

கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் இதைப் படித்தால் சிரிப்பு வரும். பூஜையறைச் சம்புடத்தில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான். கண்டகி ஆற்றில் உருண்டு வந்த அந்தக் கல்லில் நம் ஆட்கள் விஷ்ணுவைக் கண்டார்கள். ஐரோப்பியர்கள் எகிப்தின் ஆமன் தெய்வத்துடைய ஆட்டுக் கொம்பை அதில் கண்டு அம்மோனைட் என்றார்கள். ஃபோர்ப்ஸ் வைத்த பெயர் இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டது. பிறகு 1890களில் ஆஸ்திரியரான ஃப்ரான்ஸ் கோஸ்மட் 'பிரம்மைட்டஸ்' என்றொரு பேரினத்தை உருவாக்கினார். இன்று விஷ்ணுவும் அந்தப் பேரினத்தில்தான் இருக்கிறார். எங்கள் ஊர்ப் பட்டாச்சாரியார்கள் காதில் இது விழாதிருப்பது நல்லது.

சிரித்து முடித்தபின் ஒரு குறை தெரிகிறது. இந்தியாவிலிருந்து வந்த கல்லுக்கு இந்தியத் தெய்வத்தின் பெயர் என்று வைத்துவிட்டார். அந்தப் பெயரிலிருந்து கல் எங்கே கிடைத்தது என்று ஊகிக்க வழியில்லை. காசியில் கிடைத்திருந்தாலும் அதே பெயர் பொருந்தியிருக்கும். மேசையில் உட்கார்ந்து தூரதேசத்தைக் கற்பனை செய்த ஒருவரின் பெயர்கள் அவை.

அடுத்து வந்தவர்கள் வேறு மாதிரி. ஹென்றி பிளான்ஃபோர்ட் 1850களின் கடைசியில் இந்தப் பகுதியில் நடந்து வரைபடம் போட்டார். 1862இல் வந்த அவருடைய நூல் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. இந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. மொராவியாவில் 1838இல் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1862இல் கல்கத்தாவுக்கு வந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தென்னிந்தியக் கிரிடேசியஸ் உயிர்களைப் பற்றி 1873 வரை நான்கு பெருந்தொகுதிகள் வெளியாயின. அவற்றின் பெரும்பகுதி அவர் எழுதியது.

உண்மையைச் சொன்னால், காலனியச் சுரண்டல் என்று ஒரு சூடான கட்டுரை எழுதும் எண்ணத்தில்தான் அவற்றைத் திறந்தேன். பக்கங்கள் போகப் போக அந்த எண்ணம் வலுவிழந்தது. ஒவ்வோர் உயிருக்கும் ஒரே அமைப்பு. முதலில் முன்னால் எவரெவர் எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்ற பட்டியல். பிறகு ஓட்டின் வளைவு, வரிகள், அளவுகள். அதன்பின் எதனோடு குழப்பிக்கொள்ளலாம், எங்கே தனக்குச் சந்தேகம் என்ற ஒப்புதல். கடைசியில் கிடைத்த இடம். மென்பொருள் எழுதுபவனுக்கு இது அறிமுகமான ஒழுக்கம். நாங்களும் நிரலில் பழைய மாற்றங்களை அழிப்பதில்லை. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது கூடவே இருக்கும். பின்னால் வருபவன் தவறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றே எழுதும் எழுத்து இது. இந்த அடக்கம் நம் விமர்சனக் கட்டுரைகளில்கூட அபூர்வம்.

கிடைத்த இடம் என்ற அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊட்டத்தூர், அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராக வருகிறது. ஒதியம் என்ற கிராமம் ஆங்கிலத்தில் வெறுப்பு என்று பொருள்படும் சொல்லின் அதே எழுத்துகளில் அச்சாகியிருக்கிறது. ஓர் அம்மோனைட்டுக்கு அவர் அரியலூரின் பெயரையே இட்டார். தெய்வத்திலிருந்து பெயர் ஊருக்கு இறங்கி வந்துவிட்டது. இதை நான் முன்னேற்றம் என்றுதான் சொல்வேன். ஊர்ப் பெயர் இருந்தால் அங்கே போய்ச் சரிபார்க்கலாம்.

ஆனாலும் அந்த வரி முழுமையானதல்ல. வயலில் கல்லை முதலில் பார்த்தவர், கூலிக்குத் தோண்டியவர், சுமந்தவர் யாரும் பெயர்களில் இல்லை. அதிகாரிகள் இருக்கிறார்கள், கேயின் பெயரில் ஓர் அம்மோனைட் உண்டு. வழிகாட்டிய ஒரு குன்னத்துக்காரர் பெயரில் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஸ்டோலிச்கா 36 வயதில், 1874இல், யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும்போது லடாக்கில் இறந்தார். அவருக்கு லேயில் நினைவுத்தூண் இருக்கிறது. அவர் கைக்குக் கல்லைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான்.

சரி, நம் முறை வந்தபோது நாம் என்ன செய்தோம்? அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பேருருவ எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1987 தேதியிட்ட கட்டுரையில் 'புருஹத்காயோசாரஸ் மட்லேயி' என்று பெயர் வைத்தார்கள். பேருடல் என்ற சமஸ்கிருதச் சொல்லோடு, இந்திய டைனோசர்களை ஆராய்ந்த ஆங்கிலேயர் மட்லியின் பெயர். முதலில் அதை ஊனுண்ணி என்றார்கள். பிறகுதான் அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மற்றவர்கள் திருத்தினார்கள். 2023இல் வந்த ஒரு கணக்கு அதன் எடையை நூறு டன்னுக்கு மேல் வைக்கிறது.

எலும்புகள் மட்டும் இல்லை. பாதுகாக்க முடியாமல் அவை உதிர்ந்துபோயின. 2022இல் வெளியான பழைய புகைப்படங்கள்தான் மிச்சம். எங்கள் தொழிலில், சுட்டும் பொருள் அழிந்தபின்னும் அதையே சுட்டிக்கொண்டிருக்கும் குறிப்பு பெரிய ஆபத்து. இங்கே உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றின் பெயர் அப்படி நிற்கிறது. ஃபோர்ப்ஸிடம் கல் இருந்தது, இடம் தெரியாது. நம்மிடம் இடம் இருந்தது, கல்லைக் காப்பாற்றவில்லை. யார் மேல் அதிகம் கோபப்படுவது என்று கேட்டால், எனக்கு நம் மேல்தான்.

போன தை மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு காரைக்குப் போனேன். செம்மண் இல்லை, சாம்பலும் மஞ்சளுமாக அரித்துப்போன களிமண் மேடுகள். துப்பாக்கிக் குண்டு மாதிரி பெலம்னைட் துண்டுகள் காலடியில் கிடந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் "ஐயா, இதுக்கு இங்க என்ன பேரு?" என்று கேட்டேன்.

"கல்லுதான் தம்பி. பேரு வேற வைப்பாங்களா?" என்றார்.

அப்பா குனிந்து ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். பையில் போட்டுக்கொள்வாரோ என்று நினைத்தேன். அது கிடந்த பள்ளத்திலேயே திரும்ப வைத்துவிட்டார். நான் போனை எடுத்து, தேதி, இடம், எந்த மேடு என்று குறித்துக்கொண்டேன். பெரியவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.