மணமகள், மாணவி, தலைவி: நலத்திட்டம் அழைக்கும் பெண்

அரசாணையை இலக்கியப் பிரதி போல வாசிக்கலாமா என்று கேட்டால் நம் தமிழாசிரியர்கள் சிரிப்பார்கள். வாசிக்கலாம், வாசித்தாகவும் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் நாவல் வாசிப்பவர்களைவிட விண்ணப்பப் படிவம் வாசிப்பவர்களும், அடுத்தவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பவர்களும் அதிகம். படிவமும் ஒரு பாத்திரத்தைப் படைக்கிறது. அதற்கு வயது, படிப்பு, வருமானம், உறவுமுறை எல்லாம் உண்டு. அந்தப் பாத்திரத்துக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ள முடிந்தவளுக்குப் பணம் வரும். முடியாதவள் பிரதிக்கு வெளியே நிற்பாள். அல்தூசர் சொன்ன 'விளித்தல்' இதுதான். அதிகாரம் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, நாம் 'என்னையா?' என்று திரும்புகிறோம், திரும்பிய கணத்தில் அந்தப் பெயருக்குரியவர்களாக ஆகிவிடுகிறோம்.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு பிரதிகளை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தி.மு.க. ஆட்சி தொடங்கிய திருமண நிதியுதவித் திட்டம் ஒன்று. 2022இல் அதன் இடத்துக்கு வந்த, அதே அம்மையாரின் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டம் மற்றொன்று. முதலாவது, எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் என்று தொடங்கியது. பின்னர் தொகையும் ஏறியது, படிப்பு வரம்பும் பத்தாம் வகுப்புக்கு ஏறியது. 2011இல் அ.தி.மு.க. ஆட்சி பத்தாவது படித்தவளுக்கு 25,000, பட்டமோ பட்டயமோ பெற்றவளுக்கு 50,000 என்று வைத்து, கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்த்தது. 2016இல் அது 8 கிராம், அதாவது ஒரு பவுன் ஆனது. 2022 மார்ச் நிதிநிலை அறிக்கை இதை மாற்றியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியோ, பாலிடெக்னிக்கோ, ஐ.டி.ஐ.யோ சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியபோது 'புதுமைப் பெண்' என்ற பெயரும் பாரதியிடமிருந்து வந்து சேர்ந்தது. விதவை மறுமணம், கலப்புத் திருமணம் முதலானவற்றுக்கான தனி உதவித் திட்டங்கள் தொடரும் என்றார்கள். மாறியது இந்த ஒன்றுதான். ஆனால் பெரியது இதுதான்.

பழைய பிரதியின் முரண் அதன் தலைப்பிலேயே இருந்தது. இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி மரபை உள்ளிருந்து பார்த்தவர், அதற்கு எதிராக 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதியவர், 1938 இந்தி எதிர்ப்பு நடைப்பயணத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தவர். அவர் எதிர்த்த பொட்டும் ஒரு தாலிதான். கோயிலில் கட்டப்பட்ட தாலி. அவர் வாழ்ந்த சுயமரியாதை இயக்கம் தாலியில்லாத கல்யாணங்களை நடத்தியது. 1967இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டப்படி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும், தாலி கட்டாயமில்லை. இப்படிப்பட்டவரின் பெயரில் தாலிக்குத் தங்கம்! கருகமணி கட்டுகிற ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்கும் சிலுவையின் முன் நிற்கிற பெண்ணுக்கும் கிடைத்ததன் பெயரும் தாலிக்குத் தங்கம்தான். பிரதி தன் ஆசிரியரையே மறந்து பேசும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

ஆனால் முரணைச் சுட்டிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். தங்கம் ஏன் வேரூன்றியது என்று பார்க்க வேண்டும். தேனி, உசிலம்பட்டி, மதுரைப் பக்கத்தில் கல்யாணம் என்பது செய்முறைகளின் கணக்கு நோட்டு. யார் என்ன செய்தார்கள், திருப்பி என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அதில் தாய்மாமன் சீர் தலையாய வரி. அரசு ஒரு பவுன் காசோடு அந்தப் பந்தலுக்குள் நுழையும்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்தது? தாய்மாமன் நாற்காலியில். 'தாய்க்குலமே' என்று விளித்த எம்.ஜி.ஆர்., 'அம்மா' ஆன ஜெயலலிதா, மாணவர்கள் தன்னை 'அப்பா' என்று கூப்பிடுவதாக 2025இல் மகிழ்ந்த ஸ்டாலின் என்று, இங்கே அரசு உறவுமுறை வைத்துத்தான் பேசியிருக்கிறது. செய்முறை என்றால் திருப்பிச் செய்யணும். எப்படித் திருப்பிச் செய்வது என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இந்த மாவட்டத்தில் இதற்கு இன்னொரு கறுத்த பக்கமும் உண்டு. பெண் சிசுக்கொலைக்கு மாற்றாக 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் வந்தது. பிறந்தவுடனே கல்யாணச் செலவாக எண்ணப்பட்ட உயிர் அது. திருமண உதவி அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டுதான் உதவியது. 'பெண் என்றால் செலவு, அந்தச் செலவில் என் பங்கு இது' என்று அரசே மொய் எழுதியது. 18 வயது, பத்தாம் வகுப்பு என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டும் அந்த மொய்ப்பணத்துக்குள் ஒளித்துவைத்த நல்ல காரியம். சீக்கிரம் கட்டிக்கொடுக்க நினைத்த வீட்டிலும் 'பத்தாவதாச்சும் முடிக்கட்டும்' என்ற பேச்சுக்கு அது இடம் கொடுத்தது.

புதிய பிரதி இந்தக் கணக்கைக் கிழித்துப்போட்டது. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். பழைய திட்டத்தில் கல்யாண அழைப்பிதழே ஓர் ஆவணம். மாப்பிள்ளை இல்லாமல் விண்ணப்பமே இல்லை. புதியதில் மாப்பிள்ளை இல்லை, அழைப்பிதழ் இல்லை. வீட்டுக்கு ஒரு பெண் என்ற கட்டு இல்லை, வருமான வரம்பும் இல்லை. உத்தமபாளையம் கருத்த ராவுத்தர் கல்லூரிக்கோ போடி அரசுப் பொறியியல் கல்லூரிக்கோ பஸ் ஏறுகிற பெண்ணின் கணக்கில், அவள் பெயரிலேயே, மாதாமாதம் பணம். பஸ்ஸே இலவசம். பெண்ணை ஒருத்தனின் மனைவியாகப் போகிறவள் என்று கூப்பிட்ட அரசு, இப்போது படிக்கப்போகிறவள் என்று கூப்பிடுகிறது. இராமாமிர்தத்தின் பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது என்றே சொல்லலாம். தாலிக்குத் தங்கத்தை நிறுத்தியதற்கு 2022இல் அ.தி.மு.க. எதிர்ப்புத் தெரிவித்தது. திரும்பக் கொண்டுவரணும் என்ற பேச்சு அதற்குப் பிறகும் ஓயவில்லை. அந்தப் பேச்சோடு நமக்கு உடன்பாடு இல்லை.

அப்புறம் என்ன பிரச்சினை? பேச்சுமொழியைக் கவனியுங்கள். பழைய திட்டத்தைப் பற்றிப் பேசும்போது, 'குடுத்தாக' என்பார்கள். மேடை, மந்திரி, கையில் ஒரு காசு, போட்டோ. புதிய திட்டத்தைப் பற்றிப் பேசும்போது, 'காசு ஏறிருச்சு' என்கிறார்கள். வாராவிட்டால் 'ஏறல'. கொடுப்பவர் வினையிலிருந்து காணாமல் போய்விட்டார். பணம் தானே நடந்து வந்து தானே ஏறுகிறது. மழை பெய்கிற மாதிரி. மேடையின் கூச்சம் போனதில் ஒரு விடுதலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'குடுக்கல' என்பதில் ஒரு குற்றவாளி உண்டு. அவர் வீட்டு முன்னால் போய் உட்காரலாம். 'ஏறல' என்பதில் யார் குற்றவாளி? ஆதாரா, வங்கியா, பள்ளிக்கூடத்து எமிஸ் எண்ணா? புரவலர் முன் நின்று பரிசில் நீட்டிக்கிறான் என்று புலவன் கோபித்துக்கொண்டு போன மரபு நம்முடையது. கோபித்துக்கொள்ள முகமே இல்லாத புரவலரை நம் இலக்கணம் இன்னும் சந்தித்ததில்லை. கொடையிலிருந்து உரிமைக்கு மாறினோம் என்கிறார்கள். உரிமை என்றால் கேட்பவள் எழுவாயாக இருக்கவேண்டும். இங்கே எழுவாய் காசு.

இதைவிட முக்கியமானது அந்த அழைப்பு யார் காதில் விழவில்லை என்பது. விடிவதற்கு முன்னால் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களில் ஜீப்புகள் நிற்கும். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் வண்டன்மேடு, உடும்பன்சோலை, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் மலையேறுகிறார்கள். களையெடுப்பார்கள், காய் எடுப்பார்கள், சாயங்காலம் எல்லை தாண்டித் திரும்புவார்கள். அந்த ஜீப்பில் பத்தாவதோடு நின்றுவிட்ட ஒரு 19 வயதுப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். பழைய பிரதியில் அவளுக்கு இடம் இருந்தது, மணமகளாக. 25,000 ரூபாயும் ஒரு பவுனும். புதியதில் அவள் மாணவி இல்லை, ஆகவே இல்லை. மூன்று வருஷப் பட்டப்படிப்புக்கு மாதம் 1,000 என்றால் மொத்தம் 36,000. 2025 டிசம்பரில் சென்னையில் ஒரு பவுன் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கல்லூரிக்குப் போனவளுக்கு அந்த 36,000 ஒரு தொடக்கம். ஜீப்பில் போனவளுக்கு இரண்டும் கிடையாது. 'படிக்கிறவளுக்குக் குடுக்குறாக, மலைக்குப் போறவளுக்கு என்ன குடுக்குறாக?' என்று அவள் கேட்டால், திட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த இருக்கையில், இடுக்கித் தோட்டத்து லயத்தில் வளர்ந்து கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த இன்னொருத்தி. அவள் தமிழ், அவள் ஏழை, அவள் படித்தது அரசுப் பள்ளியிலேயே. ஆனால் அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி இல்லை.

அதே ஜீப்பில் அந்தப் பெண்ணின் தாயும் இருக்கிறாள். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொண்டுவந்திருக்கலாம். 'உதவி'யை விட்டு 'உரிமை' என்று பெயரிட்டதும், வீட்டுக்குள் பெண் செய்யும் கூலியில்லாத உழைப்பை அரசு வாய்விட்டுச் சொன்னதும் சாதாரணம் இல்லை. ஆனாலும் அது கூப்பிடும் பெயர் 'குடும்பத் தலைவி'. குடும்ப அட்டைக்கு ஒருத்தி. தாயும் மகளும் ஒரே சரிவில் ஒரே காயைத்தான் எடுக்கிறார்கள். ஒருத்தி தலைவி, இன்னொருத்திக்குப் பெயரே இல்லை. கல்யாணம் ஆகித் தனி அட்டை வாங்கினால் அவளும் தலைவி ஆகலாம். ஆக, தாலியைச் சுற்றிப் போட்ட கோட்டிலிருந்து நாம் நினைத்த அளவுக்கு வெளியே வரவில்லை.

மணமகள், மாணவி, தலைவி. மூன்றுமே பெண்ணைக் குடும்பத்திலோ குடும்பத்துக்குப் போகும் வழியிலோ நிறுத்திப் பார்க்கும் பெயர்கள். நான்காவது பெயர் ஒன்று இருந்தது: வேலை செய்கிறவள். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம்தான் கிராமத்துப் பெண்ணை அந்தப் பெயரில் கூப்பிட்டது. 'நூறு நாள் வேலை' என்று மக்கள் வைத்த பெயரில் 'உதவி' இல்லை, வேலை இருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதன் இடத்தில் வேறு சட்டத்தை வைத்தது. நாள் கணக்கு 125 ஆனது, செலவில் 40 விழுக்காடு தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் தலையில் விழுந்தது, விவசாய வேலை மும்முரமான காலத்தில் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்யப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, பிள்ளைக் காப்பகம், மருத்துவம் என்று அடுக்கியபோது மனத்தில் வைத்தது லயத்தில் குடியிருப்பவளை. தினமும் ஜீப்பில் வந்துபோகிறவளை அது எண்ணவில்லை. 2025 நவம்பரில் அதுவும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைந்தது.

தொழிலாளி என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கவேண்டாம். பிரிட்டன் ஆறு பழைய உதவிகளை ஒன்றாக்கி 2013 முதல் 'யுனிவர்சல் கிரெடிட்' என்று கொடுக்கிறது. அங்கே உதவி பெறுகிறவர்களில் பலர் வேலை தேடுவதாக ஒப்பந்தம் எழுதித் தரவேண்டும். தவறினால் பணம் வெட்டப்படும். அங்கே அரசு கூப்பிடுவது தொழிலாளியை இல்லை, சோம்பேறி என்று முன்கூட்டியே சந்தேகிக்கப்பட்டவரை. பிரேசில் 2003இல் நான்கு பழைய திட்டங்களைச் சேர்த்துக் குடும்ப உதவியாக்கியபோது பணத்தைப் பெரும்பாலும் தாயின் கையில் கொடுத்தது. பதிலுக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும். அங்கேயும் பெண் தாயாகத்தான் அழைக்கப்பட்டாள். பழையதிலிருந்து புதியதற்கு மாறும் எந்த இடத்திலும் தொகை எவ்வளவு என்ற கேள்வியோடு, யார் என்று கூப்பிடுகிறார்கள் என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

நம் தோழர்களில் ஒரு சாரார் இதெல்லாம் வாக்குவங்கிச் சலுகை, முதலாளியத்தின் ஒட்டுப்பசை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் வந்தவரை லாபம் என்கிறார்கள். இரண்டு பேரும் பிரதியை வாசிப்பதில்லை. வாசித்தால் போராட வேண்டிய இடங்கள் வரிவரியாகத் தெரியும். இடைநின்ற பெண் எந்த வயதில் திரும்பப் படிக்க வந்தாலும், பத்தாவதைத் தனித்தேர்வாக எழுத உட்காரும் நாளிலிருந்தே அந்த 1,000 அவளுக்குச் சேரவேண்டும். இடுக்கித் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளைச் சேர்க்க விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஜீப்பில் போகிறவர்களின் பெயர்களைத் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து ஒரே பதிவேட்டில் எழுதவேண்டும். அந்தப் பதிவுக்கு நலவாரிய உதவிகள் இரண்டு பக்கமும் செல்லுபடியாகணும். அந்தப் பதிவேட்டில் தொழில் என்ற கட்டம் இருக்கவேண்டும். அதில் 'இல்லத்தரசி' என்றோ 'மாணவி' என்றோ எழுதாமல், ஏலத்தோட்டத் தொழிலாளி என்று எழுதவேண்டும். பணம் ஏறவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது என்று ஓர் அதிகாரியின் பதவியும் அறை எண்ணும் அதே தாளில் அச்சாகவேண்டும். இவற்றைக் கேட்கக் கம்பத்திலும் போடியிலும் ஜீப் நிற்கிற இடத்தைவிடப் பொருத்தமான மேடை நமக்கு வேறு கிடையாது.