அகரம் என்னும் உவமை

செய்யுட்கண் பயின்று வரும் அணிகளுள் உவமையே தலைமையுடையது. தண்டியலங்காரம் பொருளணியியலில் வகுத்துரைக்கும் 35 அணிகளுள், உருவகம், வேற்றுமை, ஒட்டு முதலிய பல, உவமையை அடியாகக் கொண்டு எழுந்தனவே. இவ்வணியைக் கண்ட அளவில் அதற்கு ஒரு பெயரிட்டு மேற்செல்லுதல் கற்பார் பலர்க்கு வழக்கமாயிற்று. உருபு விரிந்து நிற்பின் உவமை, உருபின்றி இரு தொடராய் நிற்பின் எடுத்துக்காட்டுவமை என்று கூறிய துணையானே பொருள் விளங்கிற்றென அவர் அமைவர். இலக்கியத்தில் இதனான் வரும் இழுக்குச் சிறிது. சாத்திரத்திலோ அது கொள்கையையே திரித்துவிடும்.

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன்பால் உவமம் தோன்றும் என்பது தொல்காப்பியர் உவமவியலிற் கண்ட முறை. எனவே, ஆசிரியர் கருதிய பொதுத்தன்மை யாது என்பதே முதற்கண் எழற்பாலதாய வினா. முகத்திற்கு மதியை உவமித்தான் மதியின் மறுவையும் உடன் கொணர்ந்தானல்லன்.

அகரத்தை இறைவனுக்கு உவமையாக்கிய இடங்கள் மூன்று, கற்றோர் நாவில் ஒருங்கே வழங்குகின்றன. ஒன்று திருக்குறளின் முதற்பா. மற்றொன்று சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்து முதலதிகரணத்தில் வரும் உதாரண வெண்பா. பிறிதொன்று திருவருட்பயனின் முதற்குறள். இம்மூன்றையும் ஒப்புமைப் பகுதியென அடுத்தடுத்து வைத்து, மூவரும் ஒன்றனையே கூறினார் எனல் எளிது. உவமானம் ஒன்றே என்பது மெய். பொதுத்தன்மையும் ஒன்றோ எனின், அன்று.

திருவள்ளுவர் கருதியது தலைமை. பரிமேலழகர் அதனை எடுத்துக்காட்டுவமை என்று மட்டும் கூறி அமைந்திலர். தலைமை பற்றி வந்தது என்று பொதுத்தன்மையையும் வரையறுத்தார். அத்தலைமை வந்தவாற்றையும் விளக்கினார்: அகரம் விகாரத்தானன்றி நாதமாத்திரையாய் இயல்பிற் பிறப்பது, இறைவனும் செயற்கையுணர்வானன்றி இயற்கையுணர்வான் முற்றுமுணர்வோன். ஓர் உவமையை எவ்வளவிற் கொள்ளல் வேண்டும் என்பதற்கு இவ்வுரை நல்ல அளவுகோல்.

இவ்வரையறையை நெகிழவிட்டு, ஆண்டுள்ள ‘முதல்’ என்னுஞ் சொல்லை முதற்காரணம் எனக் கொள்வாரும் உளர். அங்ஙனங் கொள்ளின், மண்ணே குடமாதல் போல அகரமே ஏனையெழுத்துக்களாய்த் திரிந்தது என்றும், இறைவனே உலகாய்த் திரிந்தான் என்றும் முடியும். சித்தாந்தத்தில் மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் குயவன்போல நிமித்தகாரணன். ஆகவே, ஒரு சொல்லிற் பிறந்த மயக்கம் இறைவனை விகாரியாக்கிவிடுகின்றது. அகரம் திரிந்து இகரமாதல் எழுத்திலக்கணத்தார்க்கும் உடன்பாடன்று.

மெய்கண்டார் வெண்பாவின் இடம் வேறு. ஒன்று என்னும் வேதமொழிக்குப் பதி ஒருவனே என்பது பொருள். அவ்வொருமையைக் கூறும் உயிரோ பாசத்தோடு கூடி வேறாய் உள்ளது என அவர் முதலில் நிறுவுகின்றார். அதன்பின்னரே அகரம் வருகின்றது. அகரமின்றேல் அக்கரங்கள் இல்லை என்பதே ஆண்டுப் பொதுத்தன்மை. தலைமை ஈண்டுப் பேசப்படவில்லை. ஒன்றன் நிலைபேறு மற்றொன்றைச் சார்ந்திருத்தலே பேசப்படுகின்றது. அகரமும் ககரமும் எழுத்தென்னும் இனத்தால் ஒன்றாதலின் இறையும் உயிரும் ஒரு பொருளே என்று இவ்வுவமையை ஏகான்மவாதத்திற்கு ஈர்ப்பார், அதற்கு முன்னின்ற அடிகளை மறந்தவராவர். உவமையை அது நின்ற இடத்தினின்றும் பெயர்த்தெடுத்தலின் கேடு இதனினும் தெளிவாகக் காணல் அரிது.

உமாபதிசிவம் கருதியது நிறைவு. மெய்யெழுத்துக்கள் அகரத்தோடு பொருந்தியே இயங்கும் என்பது எழுத்ததிகாரம். வரிவடிவிலும் இதன் சாயலைக் காணலாம்: ‘கா’, ‘கெ’ என்பவற்றில் காலும் கொம்பும் ஏறிய உயிரைக் காட்டுகின்றன; ‘க’ என்பதில் அகரத்திற்கெனத் தனிக்குறி யாதுமில்லை. குறியின்றியே அகரம் அதனுள் நிறைந்து நிற்கின்றது. காணப்படாது கலந்து நிற்கும் அறிவுக்கு இதனினும் இயைந்த உவமை கிடைத்தல் எளிதன்று.

இக்குறளில் ‘உயிர்’ என்னுஞ் சொல்லும் உற்றுநோக்கற்பாலது. உடலை உயிர் இயக்குமாறு போல மெய்யை இயக்கலின் எழுத்து உயிரெனப் பெயர் பெற்றது; இலக்கணநூலாரின் அப்பெயரே ஓர் உவமையிற் பிறந்தது. அவ்வுவமப்பெயரை உமாபதிசிவம் மீண்டும் சாத்திரத்துட் கொணர்ந்து, உயிர்க்கன்றி உயிர்க்குயிராய் நிற்கும் இறைக்கு ஆக்குகின்றார். சிலேடை நயம் எனக் கூறி இதனைக் கடந்துவிடுதல் இரங்கத்தக்கது. உடற்கு உயிர் எவ்வாறோ, உயிர்க்கு இறை அவ்வாறு என்னும் அத்துவிதமே அச்சொல்லில் அடங்கியுள்ளது.

இன்னும் ஒன்று. அகரத்தை உவமை கூறிய அக்குறளிலேயே இறைவன் நிகரிலன் என்றும் கூறப்படுகின்றான். நிகரில்லாதவனுக்கு உவமை கூறியது முரணன்றோ எனின், அன்று. உவமை நிறைந்து நிற்றலாகிய ஒருபுடையே பற்றியது. நிகரின்மை முழுப்பொருள் பற்றியது. ஆசிரியர் தம் உவமைக்குத் தாமே எல்லையிட்டார் என்க. அந்நிகரின்மையைப் பெருமை, நுண்மை, பேரருள், பேற்றின் அருமை என நான்காக மூன்றாங்குறள் விரிக்கின்றது.