காஞ்சிக்கு ஒரு லோக்கல் ரயில்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் ஏறினால் தாம்பரம் தாண்டியும் நகரம் விடாது. ஜன்னலோரம் கிடைத்தாலும் சுவர்கள்தான். பரனூருக்குப் பிறகு கொளவாய் ஏரி விரியும்போது பெட்டிக்குள் காற்றே மாறிவிடும். எனக்குப் பயணம் அங்கேதான் தொடங்குகிறது. செங்கல்பட்டில் ரயில் மேற்கே திரும்பி, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகிறது.

எல்லாக் கோயிலையும் பார்க்க ஓடாதீர்கள். கைலாசநாதர் ஒன்று போதும். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் எடுத்த மணற்கல் கோயில். சுற்றுமதிலை ஒட்டி 58 சிறு சன்னிதிகள். சிலவற்றில் பழைய ஓவியத்தின் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, விரல் படாமல் அருகே போய்ப் பாருங்கள். யாளிகளின் நிழலில் ஒரு மணி நேரம் உட்காரலாம். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தால், மாலை ரயிலில் மறுபடியும் அந்த ஏரிக்காற்று.