வினைமுதல்

இராஜபாளையத்தில் ஒரு நண்பரிடம் கதைப் புத்தகம் இரவல் கேட்கப் போயிருந்தேன். அவர் ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கையை எடுத்துக் கையில் கொடுத்து, "நாவல் மாதிரி இருக்கும், கொண்டு போங்கள்" என்றார். தூத்துக்குடித் துப்பாக்கிப் பிரயோகம் பற்றி, ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி அருணா ஜெகதீசன் 2022 மே மாதம் சர்க்காரிடம் கொடுத்து, அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்ட அறிக்கை அது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது புரட்ட ஆரம்பித்தேன். இரண்டு நாள் வேறு காரியம் ஓடவில்லை.

நாவல் மாதிரி இல்லை. ஆனால் நாவல் எழுதுகிறவன் படிக்க வேண்டிய புத்தகம்தான்.

நம் சர்க்கார் காகிதங்களுக்கென்று ஒரு நடை உண்டு. 'எச்சரிக்கை விடப்பட்டது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, தடியடி நடத்தப்பட்டது, வேறு வழியின்றித் துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டது.' எல்லாம் 'பட்டது'தான். யார் சுட்டார், யார் சொல்லிச் சுட்டார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. காரியத்தைச் செய்பவனுக்கு இலக்கணத்தில் வினைமுதல் என்று பெயர். வினைமுதல் இல்லாமல் வாக்கியம் எழுதும் சாமர்த்தியம் நம் கதாசிரியர்கள் யாருக்கும் இந்த அளவுக்குக் கைவந்ததில்லை.

இந்த அறிக்கையின் பெருமை, அது வினைமுதலைத் தேடிப் போனதுதான். ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22-ல் ஜனங்கள் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் போனார்கள். அன்றும் மறுநாளும் சுடப்பட்டு 13 பேர் மாண்டார்கள். கலெக்டர் ஆபீஸ் பூங்காவில் மறைவாக நின்றபடி, ஓடுகிறவர்களைப் போலீசார் சுட்டார்கள் என்கிறது அறிக்கை. ஒரே போலீஸ்காரர் வெவ்வேறு இடங்களில் 17 ரவுண்டு சுட்டதைக் கணக்கெடுத்துச் சொல்கிறது. ஐ.ஜி. முதல் போலீஸ்காரர் வரை 17 பேர் மீது நடவடிக்கை கேட்கிறது. கலெக்டரையும், துணைத் தாசில்தார்கள் மூவரையும் அது விடவில்லை. செய்தியை டெலிவிஷனில் பார்த்துத்தான் தெரிந்து கொண்டேன் என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொன்னதையும் சரியல்ல என்று மறுக்கிறது.

அன்று கல்லெறிந்தார்கள், வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள் என்பதும் உண்மை. அதை மூடி மறைத்துப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. காயமடைந்தவர்களைப் பார்க்கப் போன ரஜினிகாந்த், சமூக விரோதிகள் உள்ளே புகுந்ததுதான் காரணம் என்றார். நம்மில் பலர் வீட்டுத் திண்ணையில் அதையேதான் சொன்னோம். இருக்கட்டும். கலைந்து போகச் செய்வதற்குத்தான் சட்டம் பலத்தை அனுமதிக்கிறது. ஓடுகிறவன் கலைந்து போகிறவன் அல்லவா? அவனை எதற்காகச் சுடுவது? இந்தக் கேள்விக்குச் 'சமூக விரோதி' என்ற சொல்லில் பதில் இல்லை.

எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததையொட்டி விருதுநகர் மாவட்டத்தில் மூண்ட கலவரத்தை அவர்கள் மறக்கவில்லை. (கடைசியில் சர்க்கார் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. பெயர் போயிற்று, பகை போகவில்லை.) "போலீசின் கையைக் கட்டிவிட்டால் எங்கள் வீட்டுக்கு யார் காவல்?" என்று கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் சுட்டதற்குப் பதில் சொல்ல வேண்டாத போலீஸ், கூப்பிட்ட நேரத்தில் வராததற்கு மட்டும் பதில் சொல்லுமா? குடிசை எரிகிறபோது போலீசை எதிர்பார்த்து நிற்பவனுக்குத்தான் இந்தக் கணக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை.

இனி அறிக்கையின் குறை. அது ஆசிரியருடைய குறையல்ல, அந்த வகை எழுத்தின் குறை. 1952-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைகிற கமிஷன் சிபாரிசுதான் செய்யலாம். சர்க்காரை அது கட்டுப்படுத்தாது. 1999 ஜூலையில் திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து, 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். அதற்கும் ஒரு கமிஷன் இருந்தது. 2011 செப்டம்பரில் பரமக்குடியில் சுட்டதற்கும் ஒரு கமிஷன். சுட்டது நியாயமே என்று அது முடித்தது. அப்படி முடிக்காத அறிக்கை கைக்கு வந்தபோது என்ன நடந்தது? ஓர் இன்ஸ்பெக்டரும் மூன்று போலீஸ்காரர்களும் சஸ்பெண்ட் ஆனார்கள். கூட்டத்தைக் கலைக்கையில் செய்த காரியத்துக்காக அதிகாரிகள்மீது வழக்குத் தொடரச் சர்க்காரின் அனுமதி வேண்டும் என்ற விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர், "முடிவு எப்படி?" என்று கேட்டார். கடைசி அத்தியாயத்தை எழுத வேண்டியவர் வேறொருவர், அவர் இன்னும் எழுதவில்லை என்றேன்.