இரண்டரை மணி நேரக் குளியல்

2021 ஆகஸ்டில் இலங்கை அரசு வளர்ப்பு யானைகளுக்கான விதிகளை அரசிதழில் வெளியிட்டது. பணியில் இருக்கும் பாகன் குடித்திருக்கக் கூடாது, குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பவற்றோடு இன்னொரு விதியும் அதில் இருந்தது: ஒவ்வொரு யானைக்கும் நாள்தோறும் இரண்டரை மணி நேரக் குளியல். அதே ஆண்டுவாக்கில்தான் திருச்சி திருவானைக்காவல் கோயில் யானை அகிலா, தனக்கென்று கட்டிய குளத்தில் புரண்டு ஆட்டம் போட்ட காணொளி ஊரெங்கும் பரவியது. அகிலா அசாமில் பிறந்தவள். 2011-இல் ஜம்புகேசுவரர் கோயிலுக்கு வந்தாள். அங்கே சட்டம் நேரத்தைக் கொடுத்தது, இங்கே கோயில் இடத்தைக் கொடுத்தது. ஒரு யானைக்கு இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம்.

குளியல் என்றால் நமக்கு அழுக்குப் போவது. யானைக்கு அது சூடு தணிவது. நகக்கண்களை ஒட்டிய இடம் தவிர அதன் உடம்பில் வேர்வை கிடையாது. திருச்சியின் சித்திரை வெயிலில், கருங்கல் தளத்தில் நிற்க வைத்து ஹோஸ் பைப்பால் அரை மணி நேரம் பீய்ச்சினால் உடம்பு சுத்தமாகிவிடும். தரை மட்டும் மறுபடி சுடும். மூன்று டன் எடை அதே நாலு பாதங்களில்தான் நிற்கும். நீரில் ஒருக்களித்துப் படுக்கும்போதுதான் கால்கள் ஓய்வு கொள்கின்றன. கல்லிலும் சிமெண்டிலும் நின்றே வாழும் யானைகளுக்குப் பாத நோய் வருவது கால்நடை மருத்துவர்கள் ஓயாமல் சொல்லும் விஷயம். அகிலாவின் குளத்தை வெறும் வேடிக்கையாகப் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

இலங்கையின் பின்னவலையில் காட்சியே வேறு. கேகாலை மாவட்டத்தில் ஒரு தென்னந்தோப்பில் 1975-இல் தொடங்கிய யானைகள் சரணாலயம் அது. காலையும் பிற்பகலும் மந்தை மொத்தமும் சாலையைக் கடந்து, கடைத்தெரு வழியாக மகா ஓயா ஆற்றில் இறங்கும். தாய்களும் குட்டிகளும் கலந்து கிடக்கும். பாகன்கள் தேங்காய் மட்டையை நனைத்துத் தோலைத் தேய்ப்பார்கள். மட்டையின் நார் இறந்த தோலை உரித்தெடுக்கும், காயம் செய்யாது. கண்ணிவெடியில் முன்கால் இழந்த சாமா என்ற யானைக்கும் அந்த ஆற்றில் இடமிருந்தது. எங்கள் கோயில் யானைக்கு இல்லாதது இந்தக் கூட்டம். யானை கூடி வாழும் பிராணி. ஒன்று இன்னொன்றின் முதுகில் நீர் இறைப்பதும் அதன் குளியலில் சேர்த்திதான்.

ஆனால் அந்த ஆற்றங்கரையில் உணவகங்கள் இருக்கின்றன, நுழைவுச்சீட்டு இருக்கிறது. ஆற்றில் எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது என்பதைப் பயணிகளின் கடிகாரம் தீர்மானிக்கிறது. நம் பக்கமும் அப்படித்தான். ஸ்ரீரங்கத்துக்கு வரும் இதே காவிரியின் கரையில், குடகு துபாரே முகாமில், பணம் கட்டியவர்கள் வரிசையாக நின்று யானைக்கு முதுகு தேய்க்கிறார்கள். முன்பின் தெரியாத பத்துப் பேர் கை வைத்துத் தேய்ப்பது யானைக்கு ஓய்வாக இருக்க முடியாது.

காதுக்கு வருகிறேன். குளிப்பாட்டுகிற பாகன் அதிகம் கவனிக்க வேண்டியதும், அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் காதுதான். காதுமடலின் பின்பக்கத் தோல் மெல்லியது. அங்கே ஓடும் ரத்தக்குழாய்கள் வழியே உடல்சூடு வெளியேறுகிறது. அதனால்தான் யானை காதை ஓயாமல் வீசுகிறது. மருத்துவர் ரத்தம் எடுப்பதும் அங்கிருந்தே. கழுத்தில் ஏறி உட்காரும் பாகனின் கால்கள் உரசுவது, கயிறு அறுப்பது, அங்குசம் படுவது எல்லாம் அந்தக் காதுக்குப் பின்னால்தான். எனவே குளியலின்போது மடலைக் கையால் மெல்ல விரித்து, பின்புற மடிப்பை விரலாலோ துணியாலோ கழுவ வேண்டும்; கல்லோ முரட்டுத் தூரிகையோ ஆகாது. காதுத் துளைக்குள் பைப் நீரை அழுத்தமாகப் பாய்ச்சவே கூடாது. சீழ் நாற்றம், ஈ மொய்ப்பது, ஒரே பக்கமாகத் தலையை ஆட்டுவது — இவை தெரிந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். விளிம்பில் கிழிசல் இருந்தால், ஈ அண்டாமலிருக்க வேப்பெண்ணெய் தடவுவது நம் பாகர்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

இலங்கை யானைகளுக்குக் காதிலும் துதிக்கையிலும் நிறம் வெளுத்து இளஞ்சிவப்புத் திட்டுகள் அதிகம் படரும். நிறமிழந்த தோலை வெயில் எளிதில் தாக்கும். சிங்களப் பாகர் மரபில் 'நில' எனப்படும் உடற்புள்ளிகள் உண்டு. யானையை அடக்கவும் அவற்றையே தொடுகிறார்கள், வைத்தியத்துக்கும் அவற்றையே பார்க்கிறார்கள். ஓர் உடம்பை இவ்வளவு நுணுக்கமாகப் படித்துவைத்த அதே ஊரில், கண்டி எசல பெரஹரா ஊர்வலத்தில் யானைக்குத் தலையும் காதும் மூடும்படி துணியும் விளக்குகளும் அணிவித்து நடத்துகிறார்கள். விசிறியைக் கட்டிப்போடுவதற்கு இது சமம். பெரஹராவில் பல ஆண்டுகள் புத்தரின் தாதுப் பேழையைச் சுமந்த நெடுங்கமுவ ராஜா 2022-இல் இறந்தது. மைசூரில் பிறந்து அங்கே போன கொம்பன் யானை. எங்கள் ஊர் வழக்கம் இந்த ஒன்றில் மேல். ஸ்ரீரங்கத்தில் கோயில் யானை ஆண்டாளுக்கு நெற்றியில் நாமம், காதில் சுண்ணக்கோலம், தோல் மூச்சுவிடுகிறது.

திருவானைக்காவின் தலக்கதையே குளியல்தான். வெண்நாவல் மரத்தடி லிங்கத்துக்கு ஒரு யானை துதிக்கையில் நீர் மொண்டு வந்து அபிஷேகம் செய்தது. ஸ்ரீரங்கத்தில் இன்றும் பெருமாளின் திருமஞ்சன நீர் யானையோடு வருகிறது: ஐப்பசி முழுக்க அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக்குடத்தில், மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து. தெய்வத்தின் குளியலுக்கு நாள், நேரம், குடம், வழி எல்லாம் வரையறுத்த ஊர் இது. நீர் சுமக்கிற யானைக்கும் அப்படியொரு முறை எழுதுவது எங்களால் ஆகாத காரியமா?

இலங்கையின் விதியை அப்படியே நகலெடுக்க முடியாது. மகா ஓயா மழைவளப் பகுதியில் ஓடுகிறது. காவிரிக்கு மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். யானைக்கு நீர் அதிகம் தேவைப்படும் பங்குனியிலும் சித்திரையிலும் கொள்ளிடத்தில் பெரும்பாலும் மணல்தான். கோடைக்குக் குளம்தான் வழி. ஆனால் யானை நீரிலேயே சாணம் போடும் என்பதை மறக்கக் கூடாது. அழுக்கேறிய நீரில் தினமும் அமிழ்வது தோலுக்கும் காதுக்கும் கேடு. நீர் மாற்றும் செலவைக் குளம் கட்டும்போதே கணக்கில் வைக்க வேண்டும். பக்கத்தில் சேற்றுக்கும் ஓர் இடம் வேண்டும். குளித்தவுடன் யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது என்று பழமொழி கேலி பேசும். வெயிலுக்கும் பூச்சிக்கும் அந்த மண்தான் பூச்சு.

ஐப்பசியில் நிலைமை வேறு. ஆற்றில் நீர் நிற்கும். நீர்ப்பெருக்கு அபாயம் இல்லாத நாட்களில், குடம் இறங்கிய பிறகு ஸ்ரீரங்கத்து யானைகளான ஆண்டாளையும் லட்சுமியையும் மணல் சரிவான ஒரு கரைக்கு அழைத்துப்போய், அவர்களாக எழுந்திருக்கும் வரை படுக்கவிடலாம். வாரத்தில் ஒருநாளாவது கால்நடை மருத்துவர் அங்கேயே வந்து நான்கு காதுகளின் பின்புறத்தையும் பார்த்துக் குறித்துவைக்கலாம். இதற்குப் புதுக் கட்டடமோ புதுச் சட்டமோ வேண்டாம். கோயில் நிர்வாகமும் வனத்துறையும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் போதும்.