காயில் கட்டும் ஊரில் ஒரு மில்லிவோல்ட் கச்சேரி

நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகஸ்வரத்தைப் பழைய எச்.எம்.வி. எல்பியில் கேட்டவர்கள் பாக்கியசாலிகள். முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் தரும் வோல்ட்டும், அதைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப்பின் கெயினும் கச்சிதமாகப் பொருந்திய செட்டில் கேட்டவர்களோ என்னைப் போல வாயடைத்துப் போயிருப்பார்கள். தவிலின் தொப்பியில் கழி விழும் அடி நெஞ்சுக்கூட்டில் இறங்குகிறது. வலந்தலையில் விரல்கூடுகள் படும் ஓசை தனித்தனியாகத் தெறிக்கிறது. சீவாளியில் காற்று நுழைகிற அந்தக் கணம்கூடக் கேட்கிறது! நம்ம கொங்கு மண்ணின் வித்துவான், நம்ம வீட்டுக் கூடத்தில்.

ஸ்பீக்கரை மாற்றுகிறோம், வயரை மாற்றுகிறோம், ஆம்ப்ளிஃபயரை விற்று வேறொன்று வாங்குகிறோம். இரண்டே இரண்டு எண்களைப் பார்த்துப் பொருத்தினால் கிடைக்கிற ஆனந்தத்துக்குப் பக்கத்தில் இவை எதுவும் நிற்காது. ஒன்று, கார்ட்ரிட்ஜின் மில்லிவோல்ட். இன்னொன்று, ப்ரீ-ஆம்ப்பின் டெசிபல்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் இது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை இல்லாத பேட்டை இங்கே ஏது? கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பதும் அதே காந்தமும் செம்புக் காயிலும்தான். ரெக்கார்டின் பள்ளத்தில் முள் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் மின்சாரம் பிறக்கிறது. முள்ளோடு காந்தம் ஆடினால் மூவிங் மேக்னட், காயில் ஆடினால் மூவிங் காயில். முள்ளோடு சேர்ந்து ஆட வேண்டிய காயில் பூப்போல லேசாக இருக்க வேண்டும். அதனால் சுற்று குறைவு, வோல்ட்டும் குறைவு.

எவ்வளவு குறைவு தெரியுமா? ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் என்கிற மூவிங் மேக்னட் 5.5 மில்லிவோல்ட் தருகிறது. ஆடியோ-டெக்னிகா விஎம்95இ 4 மில்லிவோல்ட். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-வுக்காக 1960-களின் தொடக்கத்தில் டெனான் உருவாக்கி, இன்றுவரை விற்பனையில் இருக்கும் டிஎல்-103 என்கிற மூவிங் காயில் தருவது வெறும் 0.3 மில்லிவோல்ட். என் மனம் கவர்ந்த கார்ட்ரிட்ஜ் அதுதான்.

ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே போக ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முதல் அரை வோல்ட் வரை வேண்டும். 40 டெசிபல் கெயின் என்றால் நூறு மடங்கு; 60 என்றால் ஆயிரம் மடங்கு. 2எம் ரெட்டை 40-இல் பூட்டினால் 0.55 வோல்ட். டிஎல்-103-ஐ 60-இல் பூட்டினால் 0.3 வோல்ட். இரண்டும் அற்புதம். போர்வெல்லின் ஆழத்தைப் பார்த்து எத்தனை ஸ்டேஜ் சப்மெர்சிபிள் இறக்குவது என்று நம் விவசாயிகள் கணக்குப் போடுவார்களே, அதே கணக்கு.

கணக்குத் தப்பினால் இரண்டு பக்கமும் கஷ்டம். டிஎல்-103-ஐ 40-இல் மாட்டினால் 30 மில்லிவோல்ட்தான் வரும். வால்யூமைக் கடைசி வரை திருப்ப வேண்டியிருக்கும். கூடவே 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் 'ம்ம்' என்ற கரன்ட் உறுமலும் கச்சேரிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். உறுமலுக்கு ஒரு காரணம் உண்டு. ரெக்கார்டில் கீழ்ஸ்தாயியைக் குறைத்தும் மேல்ஸ்தாயியைக் கூட்டியும் வெட்டுவார்கள். ப்ரீ-ஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்புகிறது. இதற்குத்தான் ஆர்ஐஏஏ வளைவு என்று பெயர். 20 ஹெர்ட்ஸ் பக்கம் அது கிட்டத்தட்ட 20 டெசிபல் தூக்கிக் கொடுக்கிறது. அங்கே பக்கத்தில்தானே நம் 50 ஹெர்ட்ஸ் கரன்டும் நிற்கிறது!

கெயின் கூடிப்போனாலோ, தவில் செத்துப்போகும். கார்ட்ரிட்ஜின் மில்லிவோல்ட் எண், முள் நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஆடும்போது அளந்தது. ஓங்கி விழும் ஓர் அடியில் அந்த வேகம் ஐந்து மடங்குகூடப் போகலாம். 2எம் ரெட்டிலிருந்து அப்போது ஏறக்குறைய 27 மில்லிவோல்ட் கிளம்பும். நூறு மடங்கில் அது 2.7 வோல்ட், நல்ல ப்ரீ-ஆம்ப் அலட்டிக்கொள்ளாது. ஆயிரம் மடங்கில் 27 வோல்ட். அதற்கு எந்தச் சின்ன ப்ரீ-ஆம்ப்பிலும் இடம் கிடையாது. அடியின் தலை வெட்டுப்பட்டு, சத்தம் மட்டும் மிஞ்சும்.

டிஎல்-103-க்கு இன்னொரு வழியும் இருக்கிறது. என்னைக் கிறங்கடித்த வழி அதுதான்: ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர். இதைப் பற்றிப் பேசக் கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். ரெக்கார்டு பிளேயர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங் தம்பி, ஒண்ணுக்குப் பத்துன்னு சுத்துனா வோல்ட் பத்து மடங்கு ஏறுமுங்க. ஆனா அந்தப் பக்கம் இருக்கற ஓம், இந்தப் பக்கத்துக்கு நூத்துல ஒரு பங்காத்தானுங்க தெரியும்."

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்! 0.3 மில்லிவோல்ட் 3 ஆகிறது. ப்ரீ-ஆம்ப்பின் வழக்கமான 47,000 ஓம், கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு 470 ஓமாகத் தெரிகிறது. டிஎல்-103 கேட்பது 100 ஓமோ அதற்கு மேலோ. பிறகு சாதாரண 40 டெசிபல் போதும். மின்சாரமே கேட்காமல், செம்பும் இரும்பும் மட்டும் செய்கிற வேலை இது.

நீங்களே கட்டித் தருவீர்களா என்றேன். "நம்ம தகடு ஆகாதுங்க, இத்தனூண்டு வோல்ட்டுக்கு அது அசையாது" என்றார். மோட்டார் தகடு சிலிக்கான் இரும்பு. இவ்வளவு மெல்லிய சிக்னலுக்கு நிக்கல் கலந்த பெர்மலாய் வேண்டும். வெளி உறுமல் அண்டாமல் மியூ-மெட்டல் கூடும் வேண்டும். அப்படி ஒரு டிரான்ஸ்பார்மரை வெளியிலிருந்து வரவழைத்து மாட்டினேன்.

அன்று ஓடிய முதல் ரெக்கார்டு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986-இல் வந்தது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் நரம்பில் வில் பிடிக்கிற பிடி தெரிந்தது. பாட்டுக்கு முன் இருக்கும் மௌனத்தில் இரைச்சல் இல்லை. வால்யூம் குமிழ் பாதியைத் தாண்டவில்லை, அறையோ நிறைந்துவிட்டது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கெயினை மாற்றச் சின்ன ஸ்விட்சுகள் இருக்கும் ப்ரீ-ஆம்ப்பாக வாங்குங்கள். 40, 60 இரண்டும் இருந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றும் ஆசை வரும்போது கவலையில்லை. அந்த ஆசை கட்டாயம் வரும். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை மறக்காமல் ப்ரீ-ஆம்ப்பின் திருகில் முடுக்குங்கள்.

எனக்கு இப்போது 78 ஆர்பிஎம் தட்டுகள் மேல் ஆசை பிடித்திருக்கிறது. 1954-இல் நம் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த 'மலைக்கள்ளன்' படத்தின் பாட்டுகள் அரக்குத் தட்டில் வந்த காலம் அது. அந்தப் பள்ளம் அகலம், எல்பி முள் அதில் நிற்காது. ஆர்ட்டோஃபான் 2எம் 78-இன் முள் 65 மைக்ரான். அதுவும் மூவிங் மேக்னட்தான், 40 டெசிபல் போதும். ஆர்ஐஏஏ வளைவு எல்லோருக்கும் பொதுவாகும் முன் வெட்டிய தட்டுகளுக்கு டோன் குமிழைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் ஆயிற்று. தட்டு மட்டும் கிடைக்க வேண்டும். பரணில் யாரிடமாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே கேட்போம்.