ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு காணொளி முன்னுரை

கருத்தரங்குகளில் கட்டுரை அளிப்போர், அதனை அறிமுகம் செய்யும் குறுங் காணொளியொன்றையும் உடன் அனுப்புதல் இன்று பல துறைகளில் வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம், ஆய்வேட்டை மூன்றே நிமிடங்களில் விளக்கும் போட்டியை 2008இல் தொடங்கியது. 2020இல் கொள்ளைநோய் கூடுகைகளைத் தடுத்தபோது, முன்னரே பதிவுசெய்த உரைகளைக் கொண்டே மாநாடுகள் பல நடந்தேறின. இறையியல் மாணவரும் இதற்கு விலக்கல்லர்.

அத்தகைய காணொளி ஒன்றை யானைக்கவுனியில் நம் இல்லத்தில் பார்க்க நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவியதன்றோ? அதனால் வாழ்விழந்தோரைக் குறித்துத் தாம் எழுதிய கட்டுரைக்காக மாணவர் ஒருவர் அதனைக் கைப்பேசியில் எடுத்திருந்தார். கட்டுரையை முன்னரே படித்திருந்தோம். அது நல்ல கட்டுரை. படகு வைத்திருக்கும் ஆண்கள் இழப்பீட்டைப் பற்றிக் கூறுவதும், சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்கள் கூறுவதும் ஒன்றல்ல என்பதை அது மறைக்கவில்லை.

காணொளியிலோ இவ்வேறுபாடு அறவே இல்லை. மூன்று நிமிடமும் மாணவரே பேசுகிறார். கரிபடிந்த கைகள், கரையில் கிடக்கும் படகு, குழந்தையொன்றின் முகம் ஆகியன அவர் குரலுக்குப் பின்னால் நகர்கின்றன. பிடில் சோகமாக ஒலிக்கிறது. கட்டுரையில் பேசியோர் ஈண்டு வாய் திறக்கவே இல்லை. இரயில் ஓசை சற்றே அடங்கும் பின்னிரவில், எம் தெருவிலுள்ள அறையொன்றில் அமர்ந்து குரலைப் பதிவுசெய்தாராம். அவ்வுழைப்பை மெச்சுகிறோம். ஆனால் கழிமுகத்தின் ஓசையையும் அவர் துடைத்தெறிந்திருக்க வேண்டியதில்லை.

எண்ணூரைப் பற்றிய சிறந்த காணொளி ஒன்று நமக்கு முன் உண்டு. 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ கபேர் வாசுகி எழுதி, டி. எம். கிருஷ்ணா பாடியது. அது எக்கட்டுரைக்கும் முன்னுரையன்று. எனினும், ஈரநிலங்களைப் பற்றி ஏடுகளில் உறங்கிக்கிடந்த செய்தியைப் படியாதோர்க்கும் கொண்டுசேர்த்தது. அதன் வலிமை யாது? ஒரே சொல்லை எடுத்துக்கொண்டதே எனலாம். தனியொருவர்க்குப் பட்டா இல்லாத, வரி விதிக்கப்படாத பொதுநிலத்தைக் குறித்த ‘புறம்போக்கு’ வசைமொழியானது எவ்வாறு என்று அது வினவுகிறது. அதிலும் பாடகரே முன்னிற்கிறார் என்பது மெய்யே; ஆயினும் அவர் பிறருடைய துயரத்தைத் தம் குரலுக்குத் திரைச்சீலை ஆக்கவில்லை.

நம் மாணவருக்கும் அத்தகைய வினா ஒன்று கையிலேயே இருந்தது. பிடிக்க முடியாமற்போன இறாலை எந்த அதிகாரி எண்ணிக் கணக்கெழுதுவார் என்று கட்டுரையில் பெண்ணொருத்தி கேட்கிறார். கட்டுரை அதற்கு விடை கூறவில்லை. கூற இயலாமையை ஒப்புக்கொள்கிறது. அக்கேள்வியை அவர் குரலிலேயே ஒலிக்கவிட்டு மாணவர் ஒதுங்கியிருந்தால் நாற்பது வினாடி போதும். காணொளியோ விடையில் தொடங்கி விடையில் முடிகிறது. கேட்போர் கட்டுரையைத் திறக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கட்டுரையில் அனைவருடைய பெயர்களும் மாற்றப்பட்டுள்ளன. சுற்றிலுமுள்ள ஆலைகளில் உறவினர் கூலிவேலை செய்வதால் அவ்வாறு செய்ததாக அடிக்குறிப்புக் கூறுகிறது. பெயரை மறைத்துக் காத்தவர்களை முகத்தோடு காட்டுவது எங்ஙனம் பொருந்தும்? காணொளியில் உள்ளோர் அதனைப் பார்த்தனரா என்று வினவினோம். கட்டுரைக்கு இசைவு பெற்றதாகவும், படத்திற்கெனத் தனியே கேட்கவில்லை என்றும் கூறினார். கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்ற அச்சமும் இருந்ததாம். அவர் உண்மையை மறைக்காததற்காக மகிழ்ந்தோம்.

அடுத்த வாரம் எண்ணூருக்குச் சென்று காட்டிவிட்டு வந்தார். இருவர் தம் முகத்தை நீக்கச் சொன்னார்கள். குழந்தையின் தாய் படத்தின் நகல் ஒன்று கேட்டாராம். பிடில் மட்டும் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.